கணினியில் தமிழ் பட்ட பாடு: ஒரு பழைய மாணவனின் நினைவுகள்

மலர்க் குழு நண்பர்கள் போன் பண்ணி, "கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது எழுதிக் குடுப்பா, ஆனா மெக்கானிக்கல்காரனுக்கும் புரியணும்" என்றார்கள். இருபது வருடங்களுக்கு மேலாகப் புரோகிராம்களில் பிழை தேடியே பிழைப்பவன் நான். எந்தப் பிழையைப் பற்றி எழுதுவது என்று யோசித்தபோது, நம் சங்கத்துக் கணக்கிலேயே நான் செய்த ஒரு பிழைதான் முன்னால் வந்து நின்றது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். பொறுத்தருள்க.

நாங்கள் கல்லூரியில் சேர்ந்தது 1998-ல். அப்போது தண்டலம் என்றால் நெடுஞ்சாலை, இருபுறமும் வயல், ஒரு டீக்கடை, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரிக் காற்று. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் கார்கள் வெளிவந்த வருடம் அது. கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோவிலுக்கும் லேபுக்கும் அந்த ஒரு ஒற்றுமை உண்டு. கோடிங் என்றால் சி மொழியும் விஷுவல் பேசிக்கும்தான் என்று நினைத்திருந்தோம். எழுத்துக்கு எண் கொடுப்பதும் கோடிங்தான் என்பதை எந்த வாத்தியாரும் அழுத்திச் சொல்லவில்லை.

பூந்தமல்லியில் ஒரு பிரௌசிங் சென்டர். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தோம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அள்ளிக் கொட்டிய மாதிரி வந்தது. "மச்சான், வைரஸ்டா" என்றான் கூட வந்தவன். வைரஸ் இல்லை, அந்தப் பத்திரிகையின் எழுத்துரு எங்கள் மெஷினில் இல்லை, அவ்வளவுதான். அதை இறக்கிப் போட்டால் அது தெரியும். அடுத்த பத்திரிகைக்கு அடுத்த எழுத்துரு.

இது எப்படி வந்தது? கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆரம்பத்தில் வந்த ஆஸ்கி முறையில் 128 இடங்கள். ஆங்கிலமும் எண்களும் குறிகளும் அதில் அடங்கிவிட்டன. பிறகு 256 ஆனது. நம் தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இதற்கு மேல் ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ. ஆகவே அன்றைய ஆர்வலர்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணை வைத்துக்கொண்டு, அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடுவது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்துவிடும்.

குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1980-களில் கனடாவில் சீனிவாசன் ஆதமி என்ற மென்பொருளைச் செய்தார். சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்று ஒன்றைக் கொண்டுவந்து, தமிழை இணையத்தில் ஏற்றுவதற்காகவே உழைத்தார். 1999 மே மாதம் காலமாகிவிட்டார். இவர்கள் யாரும் அரசாங்கம் சொல்லிச் செய்தவர்கள் இல்லை. ஆனால் ஆளுக்கொரு எண் வரிசை! ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாது.

கூடிப் பேச வேண்டும் என்ற எண்ணம் 1997-ல் சிங்கப்பூர் மாநாட்டில் உருவாகி, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடாக வந்தது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் முன்னின்று நடத்தினார். அதன் பலனாகத் தமிழ்99 விசைப்பலகையும், தாம், தாப் என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளும் தமிழக அரசின் அங்கீகாரம் பெற்றன. தாம் தமிழ் மட்டும். தாப் தமிழும் ஆங்கிலமும். இதற்கு இணையாக, உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய டிஸ்கி என்ற முறையும் பரவியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள் பலவும் டிஸ்கியில்தான் இருந்தன. அதாவது ஒரு தரம் வேண்டும் என்று கூடி, மூன்று தரங்களோடு வீட்டுக்குப் போனோம். நம்ம ஊர் வழக்கம்தானே!

இந்த எட்டுபிட்டு முறைகளில் விநோதமான கோளாறுகள் உண்டு. விண்டோஸில் 160-ஆம் எண் உடையாத இடைவெளி. 173-ஆம் எண் கண்ணுக்குத் தெரியாத இணைகோடு. அந்த இடங்களில் ஒரு தமிழ் எழுத்தை வைத்துவிட்டால், அடிக்கும்போது இருக்கும், வேறொரு புரோகிராமில் ஒட்டினால் மாயமாகிவிடும். பிழை நம்முடையதா, மைக்ரோசாப்டுடையதா என்று ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நம் செட்டிலேயே இருக்கிறார்கள்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில், 1991-லேயே யூனிகோட் வந்துவிட்டது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். இந்திய அரசின் இஸ்கி முறையைப் பார்த்து அமைத்ததால், தேவநாகரிக்கு இருக்கும் வரிசையே நமக்கும். க-வின் எண் 2965. அடுத்த ங-வுக்கு 2969. நடுவில் மூன்று காலி மனை, நம்மிடம் இல்லாத வர்க்க எழுத்துகளுக்காக! 'க்' என்ற மெய்க்கு க-வும் புள்ளியும் சேர்ந்து இரண்டு எண்கள். மெய்யோடு அகரம் சேர்ந்தால் உயிர்மெய் என்று படித்த நமக்கு, அகரமேறிய க-வோடு புள்ளியைச் சேர்த்தால் மெய் என்பது தலைகீழ்ப் பாடமாகத்தான் தோன்றியது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று வாதாடி, அப்படியே டேஸ்16 என்ற முறையும் உருவானது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயம், தமிழக அரசு யூனிகோடைத் தரமாகவும் டேஸ்16-ஐ மாற்றாகவும் ஏற்று ஆணையிட்டது. என் சொந்த அபிப்பிராயம்: 1991-ல் கேட்டிருந்தால் நியாயம் ஜெயித்திருக்கும். 2010-ல் பஸ் போய்விட்டது.

2000-ல் வந்த விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. அதற்குப் பிறகு பிரச்சினையே இல்லை என்று நினைத்தோம். எங்கே!

வேலைக்குச் சேரும் புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது மூன்று அறிகுறிகளை. திரையில் வெறும் கட்டம் கட்டமாக வந்தால் பயப்படாதே: தகவல் பத்திரம், எழுத்துருதான் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும், வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வந்தால், அப்போதும் பயப்படாதே. யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு ஆகும். அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக யாரோ படிக்கிறார்கள். பக்கத்தின் தலைப்பிலோ டேட்டாபேஸ் இணைப்பிலோ யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் பெரும்பாலும் தீர்ந்தது. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியது ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி. 2018-ல் எட்டாம் பதிப்பு வரும்வரை, நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் அது லத்தீன் எழுத்து, ஸ்வீடிஷ் அகரவரிசை என்றுதான் எடுத்துக்கொள்ளும். தண்டலத்துக்காரன் பெயரை ஸ்வீடிஷ் முறைப்படி அடுக்கிய கதை இது. மூன்றாவது அறிகுறி, வரிசையாகக் கேள்விக்குறி. இதற்குத்தான் பயப்பட வேண்டும். தமிழே தெரியாத ஒரு முறைக்கு மாற்றிச் சேமித்துவிட்டார்கள். எழுத்து போயே போய்விட்டது. பேக்கப் இருந்தால் பிழைத்தோம்.

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு கம்பெனி பஸ் அட்டை அச்சடிக்கும் புரோகிராமை எங்கள் குழு எழுதியது. நிறுத்தத்தின் பெயருக்கு 20 இடம் ஒதுக்கினோம்; தாராளம் என்று நினைப்பு. ஆனால் அச்சு மெஷினுக்குப் போகும் கோப்பில் 20 என்பது எழுத்து இல்லை, பைட்டு. 'ஒரகடம்' 6 குறி, 18 பைட்டு, தப்பித்தது. 'பூந்தமல்லி' பாதியில் 'பூந்தம' ஆனது. ஸ்ரீபெரும்புதூர் பார்வைக்கு 7 எழுத்து, உள்ளே 16 குறி, 48 பைட்டு. அது 'ஸ்ரீபெ' என்று நின்றது. நம் தண்டலம் 7 குறி, 21 பைட்டு. ஒரே ஒரு பைட்டு கூடுதல்! கடைசிப் புள்ளி மட்டும் வெட்டுப்பட்டு, 'தண்டலம' என்று அச்சாகி, பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. பஸ் டிரைவர் அண்ணன் அட்டையை வாங்கிப் பார்த்து, "தண்டலமா... எந்த ஊரு சார் இது?" என்று இழுத்தார். இடத்தைக் கூட்டியது மட்டுமல்லாமல், வெட்டுவதானால் முழு எழுத்தில்தான் வெட்ட வேண்டும் என்றும் திருத்தினோம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

நம் சங்கத்தின் முதல் முகவரிக் கையேடு 2003-ல் பழைய எட்டுபிட்டு எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அதை யூனிகோடுக்கு மாற்றும் புரோகிராமை நான்தான் எழுதினேன். பழைய முறையில் 'கொ' என்றால் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால், பார்வை வரிசை. யூனிகோடில் க முதலில். இதைச் சரிபண்ணினேன். ொ என்பதற்குத் தனி எண்ணும் உண்டு, கொம்பு தனி கால் தனியாகவும் எழுதலாம். இரண்டையும் ஒன்றாக்க வழி இருக்கிறது, அதையும் செய்தேன். 'கௌரி'யில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் அடித்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் திருத்தினேன். பெருமையாகத்தான் இருந்தது.

சில வருடம் முன்பு ஒரு சாயங்காலம் போன். நம் செட் நண்பன் ஒருவனின் மனைவி. அவன் தவறிப்போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. "அண்ணா, அவர் சங்கத்துல ஆயுள் மெம்பர்னு சொல்லியிருக்காரு. பொண்ணு காலேஜ் ஃபீசுக்கு நல நிதியில கேக்கலாமாண்ணா?" "இரும்மா, பாத்து சொல்றேன்" என்று பட்டியலில் தேடினேன். அவன் பெயரும் ஸ்ரீ-யில் தொடங்கும், ஊரும் ஸ்ரீபெரும்புதூர். பெயரில் தேடினேன், ஊரில் தேடினேன். ஒன்றும் வரவில்லை. "பட்டியல்ல இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல், "சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து வேறு காரியமாகப் பட்டியலைக் கண்ணால் புரட்டியபோது, அவன் பெயர் அங்கே இருந்தது. ஆயுள் சந்தா, ரசீது எண், எல்லாம். பதறிப்போய் அதே பெயரைத் தேடுகட்டத்தில் அடித்தேன். இல்லை என்றது. கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது!

விஷயம் இதுதான். ஸ்ரீ என்ற கூட்டெழுத்தை யூனிகோடில் பலகாலம் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்றுதான் எழுதினார்கள். ஸ-வின் எண் 3000. 2005-ல் வந்த யூனிகோட் 4.1-இல் ஶ என்ற எழுத்து 2998-ஆம் எண்ணில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு ஸ்ரீ-யை அதைக் கொண்டு எழுதுவதே முறை என்று ஆனது. ஸ்ரீபெரும்புதூர், ஶ்ரீபெரும்புதூர்: இரண்டையும் பாருங்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஒகரத்தை ஒன்றாக்கும் அந்த வழி இதற்குச் செல்லாது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் இவை இரண்டு வேறு சொற்கள். என் மாற்றி எழுதியது 3000. நான் தேடிய விசைப்பலகை கொடுத்தது 2998.

அன்றே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். செயற்குழு அந்த வாரமே தொகையைக் கொடுத்தது. ஆனால் முதல் தவணைக்கு அவள் வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது. வட்டியை நான் கட்டுகிறேன் என்றேன். "வேணாண்ணா, அவர் சந்தா கட்டினது உண்மைன்னு தெரிஞ்சதே போதும்" என்றாள். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

தேடும்போது இரண்டு ஸ்ரீ-யையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள இப்போது நாலு வரி சேர்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு தேடியதில், இதே காரணத்தால் மறைந்திருந்த பதினொரு பேர் வெளியே வந்தார்கள். அவர்களில் சிலருக்குப் பல வருடங்களாக நம் கடிதமே போகவில்லை. அகரவரிசையையும் திருத்தியாயிற்று, யூனிகோட் எண்படி அடுக்கினால் ந-வுக்கு அடுத்து ன வந்து, கடைசியில் வரவேண்டியவர் நடுவில் நுழைந்துவிடுவார்.

புதிய கையேட்டின் மாதிரிப் பிரதி, சந்திப்பு நாளன்று பதிவு மேஜையில் இருக்கும். பக்கத்தில் பென்சிலும் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயரையும் ஊரையும் கண்ணால் பார்த்து, தப்பிருந்தால் வட்டமிடுங்கள். தண்டலத்துக்காரர்கள் புள்ளியையும் பாருங்கள்.