கொழுப்புவழி உயிரணு மருத்துவம் (ஆறாத புண்களுக்கு)

வயிறு அல்லது தொடையின் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, கொலாஜினேஸ் நொதியால் கரைத்து, அதில் கிடைக்கும் உயிரணுக்களைப் புண்ணில் செலுத்தும் முறை. கொழுப்பில் ஸ்டெம் செல் தன்மையுள்ள அணுக்கள் இருப்பதை 2001இல் பட்ரீசியா ஸுக் குழுவினர் கலிபோர்னியாவில் காட்டினர். இவ்வணுக்கள் தாமே தோலாக மாறுவதைவிட, புதிய இரத்தக்குழாய்கள் முளைக்கவும் அழற்சி தணியவும் தூண்டும் புரதங்களைச் சுரப்பதே முக்கியம் என்று இன்று கருதப்படுகிறது.

சான்று எவ்வளவு? எலிகளில் ஏராளம், மனிதரில் சொற்பம். இத்தாலியில் ரிகோட்டி குழுவினர் கதிர்வீச்சால் சிதைந்த திசுவுள்ள 20 பேருக்குக் கொழுப்பேற்றி, நல்ல பலன் கண்டதாக 2007இல் எழுதினர். ஆனால் ஒப்பீட்டுக் குழு கிடையாது. புண் தானாகவும் ஆறும் என்பதால் அக்குறை சிறியதல்ல. கிரோன் நோயின் ஆசனவாய்ப் புரைக்கு 2018இல் ஐரோப்பா அனுமதித்த 'அலோபிசெல்' என்னும் கொழுப்பணு மருந்து, பின்னர் நடந்த பெரிய சோதனையில் தேறாமல் 2024இல் திரும்பப் பெறப்பட்டது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டு நெறிகள், ஒப்புதல் பெறாத ஸ்டெம் செல் சிகிச்சையை மருத்துவச் சோதனைக்கு வெளியே வழங்குவதை ஏற்கவில்லை. செருப்பில்லாமல் வயலில் நடக்கும் சர்க்கரை நோயாளியின் காற்புண்ணுக்கு, இறந்த சதையை அகற்றுதல், கிருமியைக் கட்டுப்படுத்துதல், பாதத்தின் மீது விழும் அழுத்தத்தைக் குறைத்தல், இரத்த ஓட்டத்தைச் சீராக்குதல் ஆகியவையே இன்றும் முதல் மருத்துவம்.