கட்டிலும் அறையும்



மனிதன் தன் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினைத் துயிலிலே கழிக்கின்றான். அறுபது ஆண்டு வாழ்ந்தவன் இருபது ஆண்டினைப் படுக்கையிலே கழித்தவனாவான். ஆயினும், அந்தப் படுக்கையைத் தெரிந்தெடுக்கும் வேளையில் நாம் செலுத்தும் சிந்தனை மிகச் சிறிதே. தளபாடக் கடைக்குச் செல்கின்றோம், கட்டிலின் மர வேலைப்பாட்டைப் பார்க்கின்றோம், விலையைக் கேட்கின்றோம், அயலார் வீட்டுக் கட்டிலினும் அது பெரிதாவென மனத்துள் ஒப்பிடுகின்றோம். அறையின் அளவை மட்டும் மறந்து விடுகின்றோம். கட்டில் வீடு வந்து சேர்ந்த பின்னரே, கதவு பாதி திறப்பதும் அலுமாரி திறவாமற் போவதும் தெரிய வருகின்றன.

அறைக்காகக் கட்டிலா, கட்டிலுக்காக அறையா என்பது புதிய வினாவன்று. வெவ்வேறு நாட்டாரும் காலத்தாரும் இதற்கு வெவ்வேறு விடை கண்டுள்ளனர். அவற்றுட் சிலவற்றை இன்று நோக்குவோம்.

கிரேக்கப் பெருங்கவிஞர் ஓமரின் ஒடிசி என்னும் காப்பியத்திலே ஓர் அரிய கட்டில் வருகின்றது. நிலத்தில் வேரூன்றி நின்ற ஒலிவ மரமொன்றைச் சுற்றிச் சுவரெழுப்பிப் படுக்கையறை அமைத்து, பின்னர் அம்மரத்தைத் தறித்து, அதன் அடிமரத்தையே கட்டிலின் காலாகச் செதுக்கினான் ஒடிசியசு மன்னன். இருபது ஆண்டு கழித்து அவன் வீடு திரும்பியபோது, வந்தவன் தன் கணவன்தானா என ஐயுற்ற பெனலொப்பி, அக்கட்டிலை வெளியே எடுத்து வைக்குமாறு பணிப்பெண்ணை ஏவினாள். அசைக்க முடியாத கட்டிலை யார் அசைத்தார் என அவன் சினந்தான். அச்சினமே அவனை அவளுக்கு அடையாளம் காட்டியது. இங்கே கட்டிற் காலாகிய மரம் முதலிலும் அறை பின்னரும் தோன்றின. நம்மவருள் எத்தனை பேருக்கு அவ்வாறு அறை கட்டும் வாய்ப்பு உண்டு?

கீழைத் தேயமாகிய சப்பானியர் கண்ட விடை வேறு. அவர்கள் தத்தாமி என்னும் பாயைத் தரையிற் பதித்து, அதன் எண்ணிக்கையாலேயே அறையை அளந்தனர். ஒரு பாய் சற்றேறக்குறைய ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடையது. ஒரு மனிதன் படுத்துறங்கும் அளவு அது. ஆறு பாய் அறை, எட்டு பாய் அறை எனச் சொன்ன மாத்திரத்தில் அதன் விரிவு விளங்கி விடும். இரவில் அதன்மேல் மெத்தையை விரித்து உறங்குவர். காலையில் மடித்துச் சுவர் அலுமாரியுள் வைப்பர். இரவிற் படுக்கையறையாக இருந்தது பகலிற் கூடமாகிவிடும். பாயைச் சுருட்டி மூலையிற் சார்த்தி வைத்த நம் முன்னோர்க்கும் இந்த நுட்பம் தெரிந்தே இருந்தது. சிறிய வீட்டிலே பெரிய குடும்பம் வாழ முடிந்ததற்குச் சுருட்டத்தக்க படுக்கையும் ஒரு காரணம் எனலாம்.

இனி, பெரிய கட்டில்களின் கதைக்கு வருவோம். இங்கிலாந்திலே எட்பட்சயர் மாவட்டத்தில் வெயர் என்னும் ஊர் உண்டு. 1590ஆம் ஆண்டளவில் அவ்வூரின் வழிப்போக்கர் விடுதிக்கெனக் கட்டில் ஒன்று செய்யப்பட்டது. அதன் அகலம் ஏறக்குறையப் பத்தேமுக்கால் அடி. நீளம் பதினொரு அடி. அதன் பரப்பு ஏறக்குறைய 120 சதுர அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட நம் வீட்டு அறையொன்றை முழுவதும் நிரப்பிவிடும் கட்டில் அது! ஒருவரோ இருவரோ துயில்வதற்கு இத்துணைப் பெருங்கட்டில் வேண்டுமா? வேண்டியதில்லை. வழிப்போக்கரை விடுதிக்கு ஈர்க்கும் விளம்பரமாகவே அது அமைந்தது. அவ்விளம்பரம் வீண் போகவில்லை. 1601ஆம் ஆண்டளவில் எழுந்த பன்னிரண்டாம் இரவு என்னும் நாடகத்திலே சேக்சுபியரும் அதனைக் குறிப்பிட்டுள்ளார். 1931ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள விக்டோரியா அல்பேட்டு நூதனசாலை அதனை விலைக்கு வாங்கியது.

விடுதிக்காரனுக்கு விளம்பரமாகிய கட்டில், பிரான்சிய மன்னனுக்கு ஆட்சியின் சின்னமாயிற்று. பதினான்காம் லூயி மன்னன் 1701ஆம் ஆண்டிலே தன் பள்ளியறையை வெர்சேயி அரண்மனையின் நடுப்பகுதிக்கு மாற்றினான். மன்னன் துயிலெழுவதும் துயிலச் செல்வதும் அரசவைச் சடங்குகளாயின. கட்டிலைச் சுற்றிக் கிராதி நின்றது. மன்னன் இல்லாத வேளையிலும் வெறுங்கட்டிலுக்கு வணக்கம் செலுத்தப்பட்டது. நம் பழந்தமிழர் அரியணையை அரசு கட்டில் என வழங்கியதையும் இங்கு நினைவு கூரலாம். 1715ஆம் ஆண்டு அம்மன்னன் உயிர் துறந்ததும் அதே பள்ளியறையிலேதான்.

அந்த அரண்மனையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவிற் பாரிசு நகரின் பெரிய தரும வைத்தியசாலை இருந்தது. ஓத்தெல் தியூ, அதாவது இறைவனின் இல்லம், என்பது அதன் பெயர். அங்கே ஏழை நோயாளருக்குக் கிடைத்த கட்டில் எத்தகையது என்பதைக் கேளுங்கள். பெரிய கட்டிலின் அகலம் 52 அங்குலம். அதிலே நால்வர், சில வேளைகளில் அறுவர், கிடத்தப்பட்டனர். நால்வராயின் ஆளுக்குப் பதின்மூன்று அங்குலம். அறுவராயின் ஒன்பது அங்குலமும் இல்லை. ஒருவன் மல்லாந்து படுக்கவும் அந்த இடம் போதாது. சுரம் கண்டவனருகே புண்பட்டவனும், தேறி வருபவனருகே இறக்குந் தறுவாயில் உள்ளவனும் கிடந்தனர்.

1772ஆம் ஆண்டில் அவ்வைத்தியசாலையின் ஒரு பகுதி தீக்கிரையாயிற்று. அதன்பின் எழுந்த விவாதத்தின் பயனாக, 1785ஆம் ஆண்டிலே விஞ்ஞானக் கழகம் ஒரு குழுவை நியமித்தது. இரசாயன அறிஞர் லவோசியே, கணித மேதை லாப்பிலாசு, சத்திர வைத்தியர் யாக் தெனோன் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். தெனோன் 1788ஆம் ஆண்டு தம் ஆய்வுரைகளை நூலாக வெளியிட்டார். அவ்வைத்தியசாலையை அடைந்தோருள் ஒன்பதின்மருக்கு இருவர் என்ற விகிதத்திலே இறந்தனர் என்பது அவர் கண்ட கணக்கு. நெருக்கடியான படுக்கை ஒன்றே இதற்குக் காரணமென்று கூற இயலாது. ஆயினும், நோயை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டு செல்ல அதனினும் எளிய வழி வேறில்லை.

தெனோன் செய்த அரிய செயல் யாதெனில், அவர் அளவுகோலை முதலில் மனிதனிடம் கொண்டு சென்றமையே. மனிதனின் உயரத்தைக் கொண்டு கட்டிலின் நீளத்தை வகுத்தார். கட்டிலின் அளவைக் கொண்டு நோயாளர் கூடத்தின் அளவை வகுக்க முற்பட்டார். அதுகாறும் மண்டபம் முதலில் எழுந்தது. அதனுள் இயன்ற மட்டும் கட்டில்கள் அடுக்கப்பட்டன. ஒவ்வொரு கட்டிலிலும் இயன்ற மட்டும் மனிதர் அடுக்கப்பட்டனர். தெனோன் அவ்வரிசையைத் தலைகீழாக மாற்றினார். முதலில் மனிதன், அடுத்துக் கட்டில், அதன் பின்னரே அறை. ஒரு நோயாளிக்கு ஒரு கட்டில் என்னும் விதியைப் பிரான்சியப் புரட்சி அரசு 1793ஆம் ஆண்டிலே ஆணையாக்கியது.

கிரிமியப் போரிலே தொண்டாற்றி 1856ஆம் ஆண்டு தாயகம் மீண்ட புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார் இக்கருத்தினை மேலும் விரித்தார். 1859ஆம் ஆண்டு வைத்தியசாலைகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூலிலே, கட்டில்களுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளியும், யன்னல்களின் தொகையும், ஒவ்வொரு கட்டிலுக்கும் உரிய காற்றின் அளவும் ஆராயப்பட்டன. கட்டிலைச் சுற்றியுள்ள வெற்றிடம் வீணான இடமன்று என்பதே அவர் உணர்த்திய உண்மை. தாதி நடப்பதற்கும், காற்று உலவுவதற்கும், தரை கூட்டப்படுவதற்கும் அந்த வெற்றிடமே இடந்தருகின்றது.

இந்த வரலாற்றை நம் வீட்டுக்குள் கொண்டு வருவோம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்க வணிகர் பெரிய மெத்தைகளுக்கு அரசன், அரசி எனப் பெயர் சூட்டினர். பெயரைக் கேட்ட அளவிலேயே வாங்குவோர் உள்ளம் வெர்சேயிக்குப் போய்விடுகின்றது. அவர்கள் வகுத்த அரசன் மெத்தை 76 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உடையது. அரசி மெத்தை 60 அங்குல அகலமும் அதே நீளமும் உடையது. பத்தடிச் சதுர அறையிலே அரசனை நடுவில் வைத்தால், இருமருங்கும் எஞ்சுவது 22 அங்குலமே. காற்பக்கத்தில் இரண்டடி ஆழமுள்ள அலுமாரியை வைத்தால், இடையே 16 அங்குலம் மாத்திரம் எஞ்சும். சட்டத்தின் அகலத்தையும் சேர்த்தால் அதுவுங் குறையும். முதியவர் ஒருவர் நள்ளிரவில் எழுந்து அவ்வழியே எவ்வாறு நடப்பார்? நுளம்புவலையின் ஓரத்தை மெத்தையின் கீழ் எவ்வாறு செருகுவது? அதே அறையில் அரசியை வைத்தால் இருமருங்கும் முப்பது அங்குலம் கிடைக்கும், மனிதர் நடக்கலாம்.

நீளத்திலும் கவனம் வேண்டும். படுப்பவரின் உயரத்தோடு அரையடியைக் கூட்டிக் கொள்க. ஐந்தடி எட்டங்குல உயரமுள்ளவருக்கு 75 அங்குல மெத்தை போதும். ஆறடி உயரமுள்ளவருக்கு அது போதாது, 80 அங்குலம் வேண்டும். ஆகவே, கடைக்குச் செல்லுமுன் வாங்கப்போகும் கட்டிலின் நீள அகலத்தைப் பழைய பத்திரிகைத் தாள்களாலே தரையில் விரித்துப் பாருங்கள். கதவையும் அலுமாரியையும் திறந்து பாருங்கள். தாளை மிதியாமற் சுற்றி நடக்க முடிகின்றதா என்று பாருங்கள். கட்டில் உள்ளே வரவேண்டிய வாயிலையும் மாடிப்படியின் திருப்பத்தையும் அளக்க மறவாதீர்கள்.

நெடுங்காலம் பாடசாலையிலே பணியாற்றிய எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பெரிய கட்டிலொன்று அறையை விழுங்கிவிடும்போது முதலில் வெளியேறுவது பிள்ளையின் மேசையும் கதிரையுமே. பின்னர், அப்பிள்ளை கட்டிலின்மேலே குனிந்திருந்து எழுதுகின்றது. எழுதிக்கொண்டே உறங்கியும் விடுகின்றது. இரண்டடி அகலத்தைக் கட்டிலிற் குறைத்து மேசைக்குக் கொடுத்த பெற்றோர், பிள்ளைக்குப் பெருஞ்செல்வத்தைக் கொடுத்தவராவர்.

சங்க நூலாகிய நெடுநல்வாடையிலும் ஒரு கட்டில் உண்டு. சிற்பநூல் வல்லார் கயிறிட்டு அளந்து எழுப்பிய மாளிகையிலே, நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தாற் செய்த வட்டக் கட்டில் அது. அதன்மேல் அமர்ந்த அரசியோ துயிலின்றித் துயருறுகின்றாள். போர்ப் பாசறையிலிருக்கும் அரசனும் உறங்கவில்லை. வாடைக்காற்று வீசும் நள்ளிரவிலே புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறித் திரிகின்றான். கட்டிலின் பெருமை துயிலைத் தந்துவிடாது என்பதை நக்கீரர் அன்றே காட்டினார்.

ஆதலின், நேயர்களே, கட்டிலை அளக்குமுன் அறையை அளவுங்கள். அறையை அளக்குமுன், அதிலே வாழப்போகும் மனிதரை எண்ணுங்கள்.