தத்துவம் படிக்கக் கடல் கடந்த இருவர்

"எம்.ஏ. தத்துவம் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் "படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போவே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதையே வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கிறேன் என்றால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். அங்கே படித்ததை ஊருக்குக் கொண்டுவந்து என்ன செய்வாய்?

இரண்டாவது கேள்வி லேசுப்பட்டதல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானாவைச் சேர்ந்த இருவர் இதற்குத் தங்கள் வாழ்க்கையாலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரை உலகத்துக்கே தெரியும். மற்றவரைத் தத்துவம் படிப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

முதலாமவர் குவாமே நிக்ரூமா. அன்று கானாவின் பெயர் கோல்டு கோஸ்ட், பிரிட்டிஷ் காலனி. பள்ளி ஆசிரியராக இருந்த நிக்ரூமா 1935-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1939-இல் இளங்கலை முடித்தார். 1943-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் வாங்கினார். இடையில் இறையியல், கல்வியியல் என்று வேறு பட்டங்களும் உண்டு. கையில் காசில்லை. சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், ஹார்லெம் தெருமுனையில் மீன் விற்றார். தங்க இடமில்லாத இரவுகளில் சுரங்க ரயிலில் ஏறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய்வந்து தூங்கியதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1945-இல் லண்டன் போனார். அங்கே ஏ.ஜே. அயர் என்ற புகழ்பெற்ற தத்துவப் பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அது முடியவில்லை. நிக்ரூமாவுக்கு விடைகள் சீக்கிரம் வேண்டியிருந்தன, பகுப்பாய்வுக்கு அவரிடம் பொறுமை இல்லை என்பது அயரின் அபிப்பிராயம். அவசரம் இருக்காதா பின்னே! ஊரில் ஒரு நாடே விடுதலைக்குக் காத்திருந்தது. 1947-இல் திரும்பினார், கட்சி கட்டினார், சிறை சென்றார். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது.

ஆனால் தத்துவம் அவரை விடவில்லை. 1964-இல் 'கான்சியன்சிசம்' என்ற நூலை வெளியிட்டார். ஆப்பிரிக்க மரபு, இஸ்லாம், ஐரோப்பியக் கிறித்தவம் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு தத்துவத்தைப் புதிய ஆப்பிரிக்காவுக்குக் கொடுப்பது அவர் எண்ணம். அதே 1964-இல்தான் கானா ஒரு கட்சி நாடாகவும் ஆனது. 1966-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது.

இரண்டாமவர் குவாசி விரெடு. 1931-இல் குமாசி நகரில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே பிளேட்டோவைப் படித்து அதில் விழுந்துவிட்டார். கானாவின் பல்கலைக்கழகத்தில் 1958-இல் பட்டம் வாங்கினார். படிப்பு நடந்துகொண்டிருந்தபோதே நாடு விடுதலை பெற்றுவிட்டது. பாடத்திட்டத்துக்கு மட்டும் விடுதலை கிடைக்கவில்லை. அது முழுக்க மேற்கத்தியத் தத்துவம்தான். ஆப்பிரிக்கச் சிந்தனைக்கு அதில் இடமே கிடையாது.

அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு. அவர் சேர்ந்தது பி.ஃபில். என்ற படிப்பு. பெயரில் 'பேச்சிலர்' இருந்தாலும் அது இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-இல், கில்பர்ட் ரைல் என்ற பேராசிரியர் இதைத் தொடங்கினார். போருக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் பெருகப்போகின்றன, தத்துவம் சொல்லித்தர ஆட்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. தேர்வுத் தாள்களும் ஒரு ஆய்வேடும் உண்டு. பிரிட்டனுக்கு வெளியிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். விலங்குரிமை பற்றி எழுதிய ஆஸ்திரேலியரான பீட்டர் சிங்கரும் பின்னாளில் இதைப் படித்தவர்தான். விரெடு ரைலின் மேற்பார்வையிலேயே ஆய்வேடு எழுதி 1960-இல் பட்டம் பெற்றார். ஓராண்டு இங்கிலாந்தில் கற்பித்துவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேல் கானாவில்தான் ஆசிரியர் வேலை.

அன்றைய ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பழக்கம் இருந்தது. பெரிய தத்துவச் சிக்கல் வந்தால், சாதாரண மக்கள் அந்தச் சொல்லைப் பேச்சில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் பார்ப்பார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும் என்பது நம்பிக்கை. நல்ல முறைதான். ஆனால் அவர்கள் பார்த்த 'சாதாரணப் பேச்சு' ஆங்கிலப் பேச்சு மட்டுமே! விரெடு செய்தது இதுதான்: அதே கேள்வியைத் தன் தாய்மொழியான அகானிடம் கேட்டார்.

ஓர் உதாரணம். ஒரு கூற்று நிஜ நிலவரத்தோடு பொருந்தினால் அது உண்மை என்பது மேற்கில் பெரிய கோட்பாடு. அதன் மேல் எத்தனையோ வாதங்கள். அகான் மொழியில் நிஜ நிலவரம் என்பதற்கும் உண்மை என்பதற்கும் ஒரே தொடர்தான்: 'அப்படி இருப்பது'. எனவே இந்தக் கோட்பாட்டை அகானில் சொன்னால் 'அப்படி இருப்பது அப்படி இருப்பதோடு பொருந்தும்' என்றாகி, அதில் சொல்வதற்கே ஒன்றும் இல்லாமல் போகிறது. அப்படியானால் இந்தச் சிக்கலில் எவ்வளவு மனித குலத்துக்குப் பொதுவானது, எவ்வளவு ஆங்கில மொழி கிளப்பிவிட்டது? விரெடுவின் கேள்வி இது. இந்தச் சல்லடை வேலைக்கு அவர் வைத்த பெயர் 'கருத்தாக்கங்களின் காலனிய நீக்கம்'.

"பார்த்தாயா, எங்கள் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள்" என்று அவர் மார்தட்டவில்லை. 1980-இல் வந்த தன் நூலில் பழையதைக் காலம் கடந்தும் கட்டிக்கொண்டு அழுவதையும், அதிகாரத்துக்குக் கேள்வியில்லாமல் பணிவதையும் கடுமையாக விமர்சித்தார். ஒற்றைக் கட்சி ஆட்சியையும் அவர் ஏற்கவில்லை. அகான் சபைகளில் எல்லோரும் பேசி ஒருமித்த முடிவுக்கு வரும் வழக்கத்திலிருந்து இன்றைய ஜனநாயகம் கற்றுக்கொள்ளலாம் என்று பின்னாளில் எழுதினார்.

இருவரில் நிக்ரூமாவைக் குறை சொல்வது சுலபம். ஆனால் ஒரு நாட்டையே தூக்கிச் சுமந்தவருக்குச் சொற்களை உட்கார்ந்து ஆராய நேரம் ஏது? அவர் வாங்கித்தந்த விடுதலை இல்லாவிட்டால் விரெடுவுக்குத் திரும்பி வந்து கற்பிக்கச் சுதந்திரமான ஒரு நாடும் இருந்திருக்காது. ஒருவர் அங்கிருந்து விடைகளோடு வந்தார். மற்றவர் கேள்வி கேட்கும் முறையோடு வந்தார். 2022-இல் விரெடு காலமானார். அந்த முறை இன்னும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி கிடக்கிறது.

நான் தமிழில் அதைச் செய்துபார்த்தேன். அகானில் வாய்மையைக் குறிக்கும் சொல்லுக்கு வேர்ப்பொருள் 'ஒரே வாய்' என்று விரெடு சொல்கிறார். நம் 'வாய்மை'யிலும் வாய் இருக்கிறது! 'உண்மை'க்கோ பழந்தமிழில் 'உளதாதல்', அதாவது இருப்பு, என்ற பொருள் உண்டு. அதன் எதிர்ச்சொல் 'இன்மை'. இது ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் படித்த விவாதத்தை என்ன செய்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது வராத சந்தேகம் இப்போது வந்திருக்கிறது. நீங்களும் ஒருமுறை அந்தப் பாடத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்களேன்.