கானுவின் இதயம்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். அவள் மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு சத்தம் கேட்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எக்கோ எடுத்துப் பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு இரண்டு மாதமாக பீரோவில் இருக்கிறது. "பொம்பளப் புள்ள டீச்சர். நெஞ்சுல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்கன்னு அத்தை கேக்குறாங்க. அவளும் நல்லாத்தானே ஓடுறா, ஆடுறா?" என்றாள்.

நல்லாத்தானே ஓடுறா என்று அவள் சொன்னதும் எனக்கு கானு ஞாபகம் வந்தார். போனிலேயே அரைமணி நேரம் அவர் கதையைச் சொன்னேன். அவளிடம் கேட்டுக்கொண்டு, பெயர் போடாமல் இங்கேயும் எழுதுகிறேன்.

கால்பந்தைப் பற்றி டீச்சருக்கு என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள். என் பெரியவன் பள்ளியில் படித்த நாளில் கேபிள் டிவியில் இங்கிலாந்து ஆட்டம் ஒன்று விடமாட்டான். வீட்டில் இருந்தது ஒரே டிவி. நானும் பார்த்துத்தான் ஆகவேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடித்துப்போனவர்தான் நைஜீரியாவின் நுவான்க்வோ கானு. ஆறரை அடி உயரம், தென்னங்கன்று மாதிரி உடம்பு. அவ்வளவு பெரிய பாதத்தில் பந்து எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

1976 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, நைஜீரியாவின் தென்கிழக்கில் ஓவெரி என்ற ஊரில் பிறந்தார். இக்போ இனத்தவர். பியாஃப்ரா போர் என்று பாடத்தில் ஒரு வரி வரும், ஞாபகம் இருக்கிறதா? லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்த போர். அது நடந்தது இவர்கள் மண்ணில்தான். அது முடிந்து ஆறு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. இக்போ மக்களுக்கு வாரத்துக்கு நான்கே நாள், நான்கும் சந்தை நாள்களின் பெயர்கள். அதில் நுக்வோ என்ற சந்தை நாளில் பிறந்த பிள்ளை என்பதுதான் நுவான்க்வோ என்ற பெயருக்குப் பொருள். இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் எனக்கு விட மனசு வராது, உங்களுக்குத் தெரியும்.

1993-ல் ஜப்பானில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நைஜீரியா வென்றது. அந்த அணியில் ஆடிய கானுவை நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப் அழைத்துக்கொண்டது. 1995 மே மாதம் வியன்னாவில் அயாக்ஸும் ஏசி மிலனும் மோதிய ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். அதில் மாற்று வீரராக இறங்கினார். அயாக்ஸ் 1-0 என்று ஜெயித்தது. கானுவுக்கு அப்போது 18 வயது.

அடுத்த வருடம் அட்லாண்டா ஒலிம்பிக். நைஜீரிய அணிக்கு அவர்தான் கேப்டன். அரையிறுதியில் எதிரே பிரேசில். ரொனால்டோ, பெபெட்டோ, ரிவால்டோ, ராபர்ட்டோ கார்லோஸ் எல்லாரும் இருந்த அணி. பாதி ஆட்டத்தில் 3-1 என்று பிரேசில் முன்னால் இருந்தது. கிடைத்த பெனால்டியையும் நைஜீரியா தவறவிட்டது. பிறகு இக்பெபா ஒரு கோல் போட்டார். ஆட்டம் முடியும் நேரத்தில் கானு ஒன்று போட்டு 3-3 என்று சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுபவருக்கே வெற்றி என்பது அன்றைய விதி. அந்தக் கோலையும் அவரே போட்டார். மறுநாள் அவருக்கு 20-வது பிறந்தநாள். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 3-2 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் ஆப்பிரிக்க நாடு ஒன்று தங்கம் வாங்கியது அதுவே முதல் தடவை.

அந்தப் பதக்கம் வாங்கிய நெஞ்சுக்குள் ஒரு வால்வு பழுதாக இருந்தது. அப்போது அது அவருக்கே தெரியாது.

அதே வருடம் இத்தாலியின் இன்டர் மிலான் அவரை வாங்கியது. போட்டிகளில் ஆடுபவர்களுக்கு இதயப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று 1982-லேயே விதி கொண்டுவந்த நாடு இத்தாலி. அதில் கண்டிப்பானவர்கள். கானுவைச் சோதித்தபோது மகாதமனி வால்வில் கோளாறு தெரிந்தது. இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் போகிற பெரிய குழாயின் வாசல் கதவு அது. இனி பந்தைத் தொடவே முடியாது என்று செய்தி பரவியது. யோசித்துப் பாருங்கள், கழுத்தில் தங்கம் விழுந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பயம் புதிதில்லை. 1989 ஆகஸ்ட் 12, லாகோஸ் மைதானம். அங்கோலாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். சாமுவேல் ஒக்வராஜி என்ற நைஜீரிய வீரர் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். இறந்துவிட்டார். வயது 25. சட்டம் படித்தவர், ஐரோப்பாவில் ஆடியவர். பரிசோதனையில் அவர் இதயம் வீங்கியிருந்தது தெரிந்தது. அவரும் அதுவரை நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு ஒக்வராஜியை நினைக்காமல் கானுவை நினைக்க முடிவதில்லை. ஒருவருக்கு முன்கூட்டிச் சோதனை நடந்தது, இன்னொருவருக்கு இறந்த பிறகு நடந்தது.

கானுவை இன்டர் கைவிடவில்லை. அதன் தலைவர் மொராட்டி துணை நின்றார். 1996 நவம்பரில் அமெரிக்காவில் க்ளீவ்லேண்டில் வால்வைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஏப்ரலில் கிளப்புக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அங்கே அதிகம் ஆடக் கிடைக்கவில்லை. 1999 ஆரம்பத்தில் ஆர்சனல் அவரை வாங்கியது.

அங்கே அவருடைய முதல் ஆட்டமே வம்பாகிப்போனது. எஃப்.ஏ. கோப்பையில் ஷெஃபீல்டு யுனைடெட்டுடன் ஆட்டம். எதிரணி வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடந்ததால் அவர்களே பந்தை வெளியே தள்ளிவிட்டார்கள். அப்படியானால் பந்தை அவர்களிடமே திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். ஆர்சனலின் பார்லர் அப்படித்தான் வீசினார். இந்தப் பிள்ளை அது புரியாமல் பாய்ந்து எடுத்து ஓடி, ஓவர்மார்ஸிடம் தள்ள, அவர் கோல் போட்டுவிட்டார். 2-1. விதிப்படி சரிதான், மரியாதைப்படி தப்பு. மேலாளர் வெங்கர் அந்த வெற்றியே வேண்டாம், மறுபடி ஆடுவோம் என்றார். ஆடினார்கள், திரும்பவும் அதே 2-1. வகுப்பில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

அதே வருடம் அக்டோபரில் செல்சியுடன் நடந்த ஆட்டம் என் மகனுக்கு இன்றும் மனப்பாடம். ஒரே மழை. ஆர்சனல் 2-0 என்று பின்தங்கியிருந்தது. கடைசிக் கால் மணி நேரத்தில் கானு மட்டும் மூன்று கோல். மூன்றாவது கோலுக்கு, வெளியே ஓடிவந்த கோல்கீப்பரைத் தாண்டி, எல்லைக்கோட்டை ஒட்டிய மூலையிலிருந்து உயர்த்தி அடித்தார். வீட்டில் என் மகன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டார்.

2003-04-ல் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காத ஆர்சனல் அணியிலும் இருந்தார், பெரும்பாலும் மாற்று வீரராக. 2008-ல் போர்ட்ஸ்மவுத் அணி எஃப்.ஏ. கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. 2010 உலகக் கோப்பையிலும் ஆடினார். சிகிச்சைக்குப் பிறகு கணக்குப் பார்த்தால் 13 வருடத்துக்கும் மேல்.

2000-ஆம் ஆண்டில் கானு இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். இதயக் கோளாறு உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு வெளிநாடுகளில் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது அது. அப்படி வந்த பிள்ளைகள் நம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்கள். எங்கிருந்தோ கடல் தாண்டி இங்கே வருகிறார்கள். நாம் பஸ் ஏறிப் போக இரண்டு மாதம் யோசிக்கிறோம்.

எல்லாம் ஒரே தடவையில் தீர்ந்துவிட்டது என்றும் நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. 2014-ல் கானுவுக்கு மறுபடியும் இதய சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வால்வு விஷயம் காலம் முழுக்கக் கவனிக்க வேண்டியது. குழந்தைகள் நெஞ்சில் கேட்கிற சத்தம் பலருக்கு ஒன்றுமில்லாமலும் போகும் என்றும் சொன்னேன். ஆனால் எது என்று எக்கோ எடுத்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்காம் வகுப்பில் ஒரு பையன். விளையாட்டு வேளையில் கொஞ்சம் ஓடினாலே குந்தி உட்கார்ந்துவிடுவான். உதடு கருநீலமாக இருக்கும். நாவல்பழம் தின்றுவிட்டு வந்து நடிக்கிறான் என்று நினைத்தேன். சோம்பேறி என்று எல்லார் முன்னாலும் திட்டி, இன்னொரு சுற்று ஓடவிட்டேன். ஆசிரியர் பயிற்சியில் உடற்கல்வியும் படித்தேன், ஆனால் ஓடிவிட்டுக் குந்தும் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. அவன் அம்மா பள்ளிக்கு வந்து அவனுடைய சிலேட்டை வாங்கிக்கொண்டு போனார். அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் அத்தையிடமும் பேசினேன். முதலில் கோபப்பட்டார். பிறகு, "அந்த வெளிநாட்டுத் தம்பிக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார். ஆச்சு, மூன்று பிள்ளைகள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகளைக் கூப்பிட்டு, அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்.

வியாழக்கிழமை காலை எக்கோ. நானும் கூடப் போகிறேன்.