ஆரியர் வருகையும் சான்றுகளின் வலிமையும்

ஆரியர் இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தனரா என்னும் வினா இருநூறாண்டுகளுக்கு மேலாகப் பல்வகை விடைகளைப் பெற்றுள்ளது. மொழி, நூல், அகழ்வு, மரபணு என நால்வகைச் சான்றுகள் இதன்கண் காட்டப்படுகின்றன. ஒவ்வொன்றும் எதனை நிறுவ வல்லது என வகுத்தறியாமையே மயக்கத்துக்குக் காரணமாகும்.

முதற்கண் தோன்றியது மொழிச் சான்று. 1786 இல் கல்கத்தாவிற் பேசிய சேர் வில்லியம் யோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்றும் கிளைத்தனவாதல் வேண்டும் என்றார். அவ்வுறவு இன்று ஐயத்துக்கிடமற்றது. ஆயின், மொழியுறவு குருதியுறவாகாது. ஆரியர் என்பது மொழி பற்றிய பெயரேயன்றி இனம் பற்றியதன்று என மாக்ஸ் முல்லரே 1888 இல் வற்புறுத்தினார். அவ்வெச்சரிக்கையைப் பலர் பொருட்படுத்தாமையால் விளைந்த கேடு பெரிது.

அடுத்தது அகழ்வு. 1946 இல் அரப்பாவின் கோட்டைமதிலை அகழ்ந்த மோட்டிமர் வீலர், இந்திரனுக்குரிய 'புரந்தரன்' என்னும் பெயரையும் மொகஞ்சதாரோவிற் சிதறிக்கிடந்த எலும்புக்கூடுகளையும் இணைத்து, சிந்துவெளி நகரங்களை அழித்தோர் ஆரியரே எனக் கருதினார். 1964 இல் யோர்ச் டேல்ஸ் இதனை மறுத்தார். அவ்வெலும்புக்கூடுகள் அனைத்தும் ஒரே காலத்தனவல்ல; போர் நிகழ்ந்திருக்கவேண்டிய கோட்டைப் பகுதியில் அவை காணப்படவுமில்லை. வீலர் கூறிய படுகொலை இவ்வாறு கைவிடப்பட்டது. எனினும், படையெடுப்பு மறுக்கப்பட்டமையால் வருகையும் மறுக்கப்பட்டதெனக் கொள்வது பொருந்தாது. போரின்றியும் மக்கள் பெயர்வர்.

கி.மு. 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மித்தானி உடன்படிக்கை மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகியோரைச் சான்றாக அழைக்கின்றது. வேதமொழிக்கு நெருங்கிய மொழியொன்று மேற்காசியாவை எட்டியிருந்தமைக்கு இது சான்று. ஆயினும், அது எத்திசையிலிருந்து சென்றது என்பதை இச்சான்று தனித்து நின்று கூறமாட்டாது. இந்தியாவே ஆரியரின் தாயகம் என்போரும் இதனையே தமக்குத் துணையாகக் காட்டுவர். அவர்தம் கொள்கைக்குத் தடையாவது குதிரை. இருக்கு வேதத்திற் குதிரையும் தேரும் மலிந்துள்ளன. சிந்துவெளி முத்திரைகளிலோ எருதும் யானையும் காண்டாமிருகமும் உள, குதிரை இல்லை.

2019 இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் இரண்டு இவ்வாதத்துக்குப் புதுவலிமை தந்தன. இராக்கிகடியிற் புதைக்கப்பட்ட சிந்துவெளிக் காலப் பெண்ணொருத்தியின் மரபணுவில் நடு ஆசியப் புல்வெளி மக்களின் கூறு காணப்படவில்லை. அக்கூறு கி.மு. 2000 க்கும் 1500 க்கும் இடையில் தென்னாசியாவிற் பரவியதென மற்றைய ஆய்வு காட்டிற்று. முன்னைய ஆய்வினைச் சிலர் வருகைக்கு எதிரான சான்றாக எடுத்தாண்டனர். வருகைக்கு முற்பட்ட காலத்தவளிடம் வந்தோரின் கூறு இல்லாமை இயல்பேயாகலின் அவ்வாதம் நிலைபெறாது. மரபணு மொழி பேசுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் மொழியும் நூலும் சுட்டும் காலத்தோடு அது ஒத்துநிற்றல் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆகவே, படையெடுப்பு அன்று, பெயர்வே சான்றுகளோடு பொருந்துவது. வந்தோரும் தனித்து வாழ்ந்திலர். இருக்கு வேதத்திலேயே டகர ணகரம் போன்ற நாவளை ஒலிகள் பயில்கின்றன. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அவை இல. இவ்வொலிகள் திராவிட மொழிகளின் தொடர்பால் அமைந்தன என்பர் அறிஞர் பலர். அக்கருத்துப் பொருந்துமாயின், கலப்பற்ற ஆரியரை வேதத்தினுள்ளும் காண்டல் அரிது.