காலடிப்பேட்டை: கதையும் வவுச்சரும்

காலடிப்பேட்டை என்றதும் ஏதோ மகானின் காலடி பட்ட இடம் என்று நினைக்கத் தோன்றும். அது காலெட் பேட்டை நண்பர்களே! 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். பேச்சில் தேய்ந்து காலடி ஆகிவிட்டது.

இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு ஒரு கதை உண்டு. காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் தினமும் காஞ்சிபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவாராம். அவர் பக்தியைச் சோதித்து வியந்த கவர்னர் இங்கேயே கோவில் எழுப்ப உதவினாராம். இணையத்தில் பல பக்கங்களில் இது கிடைக்கும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினால் பத்துப் பக்கமும் ஒரே சாட்சிதான். காஞ்சிபுரம் ஒரு வழிக்கே 70 கிலோமீட்டருக்கு மேல். ரயில் இல்லாத காலத்தில் தினமும் எப்படிப் போய்வருவது?

எச்.டி. லவ் 1913ல் வெளியிட்ட பழைய மெட்ராஸ் வரலாறு, கம்பெனி ஆவணங்களிலிருந்து தொகுத்தது. காலெட்டின் சொந்தக் கடிதங்களை எச்.எச். டாட்வெல் 1933ல் பதிப்பித்தார். எங்கள் காமர்ஸ் பாஷையில் இவை வவுச்சர். வவுச்சரையும் ஆடிட்டர் சந்தேகிப்பார், இல்லையா? கம்பெனி கவலையெல்லாம் துணியும் லாபமும். காலெட்தான் தன் கடிதத்தில் தன்னைக் குறைத்தா எழுதியிருப்பார்?

அதற்காகக் கதையைத் தூக்கிப் போடவேண்டாம். ஒரு வெள்ளைக்கார கவர்னரை ஊர் எப்படி நினைவு வைத்திருக்கிறது என்று அதுதான் சொல்லும். ப்ராஜெக்டில் எழுதும்போது 'செவிவழிக் கதை' என்று ஒரு வார்த்தை சேருங்கள். வருஷத்துக்கு லவ்வைப் புரட்டுங்கள்.