விழுப்புரத்தோடு முடிந்த கம்பி

விழுப்புரத்தில் வண்டி நின்றதும் எல்லோரும் காபிக்கு ஓடுவார்கள். நான் எஞ்சின் பக்கம் நடப்பேன். எழும்பூரிலிருந்து இழுத்து வந்த மின்சார லோகோவை அங்கே கழற்றிவிடுவார்கள். அப்போது அதற்குத் தெற்கே மேலே மின்கம்பி கிடையாது. கரி எஞ்சினோ டீசலோ வந்து மாட்டும். 1978இல் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து ஃபிட்டரானவன் நான். லீவில் ஊருக்குப் போகும்போதும் அந்த லோகோவை ஒரு தடவை தொட்டுப் பார்க்காமல் ஏறியதில்லை.

ஏட்டில் அதற்கு ஒய்.ஏ.எம்-1 என்று பெயர். ஒய் என்றால் மீட்டர் கேஜ், ஏ என்றால் ஏ.சி. மின்சாரம், எம் என்றால் பயணிகள் வண்டி, சரக்கு இரண்டுக்கும் ஆனது. 1960களின் நடுவில் ஜப்பானிலிருந்து வந்தவை, மொத்தமே 20. மீட்டர் கேஜில் மின்சாரம் ஓடியது இந்தியாவிலேயே இந்தத் தடத்தில் மட்டும்தான்: சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து விழுப்புரம் வரை, சுமார் 160 கிலோமீட்டர்.

ஓடுகிற எஞ்சினை ஏன் கண்டம் செய்து ஓரம் கட்டினார்கள் என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். மின்சார லோகோவுக்கு 35 வருஷம் என்று ஆயுள் குறித்திருக்கிறார்கள். அது வெறும் கணக்கு இல்லை, கையில் தெரியும். மோட்டார் சுருளின் இன்சுலேஷன் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அப்பளம் மாதிரி நொறுங்கும். மழைக்காலக் காலையில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்த்தால் முள் மேலே ஏறவே ஏறாது. மோட்டாரின் கம்யூட்டேட்டரைக் கடைந்து கடைந்து, அதற்கு மேல் கடைய செம்பு இருக்காது. சக்கரங்களைத் தாங்கும் போகியில் ஒரு விரிசலை வெல்டு வைத்து அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று விடும். பின்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு அதை அனுப்பக் கை வராது. உலகத்திலேயே 20 லோகோவுக்கு மட்டும் தேவைப்படுகிற சாமானை யார் செய்து கொடுப்பார்கள்? ஒன்றைக் கழற்றித்தான் இன்னொன்றை ஓட்டினோம்.

அப்படியும் இன்னும் சில வருஷம் ஓட்டியிருப்போம். அகலப்பாதை வந்தது. சக்கரத்தை மட்டும் மாற்றிப் போடக் கூடாதா என்று என் மகன் கேட்டான். முடியாது. மோட்டார் உட்கார்ந்திருப்பதே இரண்டு சக்கரத்துக்கு நடுவே. போகி, சட்டம், எல்லாமே ஒரு மீட்டருக்கென்று அளந்து செய்தவை.

இதே தடத்தில் இப்படி வண்டிகள் வேலையிழந்தது முன்பும் நடந்திருக்கிறது. 1931இல் சவுத் இந்தியன் ரயில்வே பீச்–தாம்பரம் மின்சார ரயிலைத் தொடங்கியபோது கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் டி.சி. 1967இல் அதை 25,000 வோல்ட் ஏ.சி.யாக மாற்றியதும் அந்தப் பழைய வண்டிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. தண்டவாளம் அப்படியே இருந்தது, மின்சாரம் மாறியது. என் காலத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு. 2004இல் மீட்டர் கேஜ் மின்ரயிலும் தாம்பரத்துக்குக் கடைசியாக ஓடி நின்றபோது, மேலே அதே 25,000 வோல்ட்தான். கீழே 1,000 மில்லிமீட்டர் தடம்தான் 1,676 ஆனது.